முப்பது கிலோ

கொத்தனூர் விடுதியின் மாடிப்படி முடிவில்
காய்கறிக்காரரிடம் இரவல் வாங்கிய தொங்குதராசு.
அதன் கொக்கியில் என் பெட்டி
கசாப்புக்கடை ஆடுபோல் மெல்லச் சுழல்கிறது.
முப்பத்தாறரை என்கிறாள் லால்ரின்புயி,
கைப்பேசி வெளிச்சத்தில் முள்ளைப் பார்த்து.
ஆறரை கிலோவை இங்கேயே விடவேண்டும்.

பாரத்தோடு ஜெபியுங்கள் என்றார்கள், இரண்டு வருடம்.
காலை ஐந்தரைக்குப் பாயில் முழங்கால் பதிய
நாடுகளின் பெயர்களை வரிசையாய் வாசிப்போம்.
என் நாட்டின் முறை வியாழன்.
வியாழக்கிழமைகளில் நான் மட்டும்
கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

முதலில் ஒத்தவாக்கியப் புத்தகம் வெளியே வந்தது.
இரண்டேகால் கிலோ.
பிறகு நீலக் கோப்பு: பிரசங்கக் கலை, பண்பாட்டியல்,
‘எதிர்ப்பைக் கையாளுதல்’ என்று பத்துப் பாடம்.
பத்திலும் கதவைச் சாத்துகிறவன் அந்நியன்.
பெற்றவள் சாத்தினால்
எந்தப் பக்கம் நின்று தட்டுவது
என்பதற்கு ஒரு வரி இல்லை.

கறுப்பு அங்கியை நேற்றே திருப்பிக் கொடுத்தாயிற்று.
சுகிர்தமலரைச் சான்றிதழில்
சுகிர்தமாலா ஆக்கியிருக்கிறார்கள்.
சுகிர்தமாலா தேர்ச்சி பெற்றாள்.
நான் ஊருக்குப் போகிறேன்.

சனிக்கிழமைகளில் கே.ஆர். மார்க்கெட்.
மேம்பாலத்து நிழலில் பூக்கூடையோடு புட்டம்மா.
நான் நீட்டிய கைப்பிரதியை மறுக்காமல் வாங்கி
நாலாய்க் கிழித்து
இரண்டு முழம் மல்லிகையைச் சுற்றி
அடுத்த ஆளிடம் கொடுத்தாள்.
முதல் வாரம் அழுகை வந்தது.
மூன்றாம் மாதம் சிரிப்பு.
அதற்குப் பிறகு
நானே அளவாய்க் கிழித்து எடுத்துப்போனேன்.
விடுதியில் யாருக்கும் சொல்லவில்லை.

ஊட்டா ஆய்த்தா? என்பாள், வாரம் தவறாமல்.
ஆயிற்று என்று நான் சொல்லும் பொய்யை
ஒருநாளும் அவள் நம்பியதில்லை.
செய்தித்தாளில் இரண்டு இட்லி,
சட்னி ஊறிய பக்கத்தில் யாரோ ஒரு அமைச்சர்.

கள ஊழிய அறிக்கையில்
பலன் என்றொரு கட்டம் இருந்தது.
‘இட்லி, வாரம் இரண்டு’ என்று எழுதி
அடித்துவிட்டுச்
சுழியம் போட்டேன்.

வவுனியாவில் பதாகை அடித்துவிட்டார்களாம்.
சபைச் செயலாளர் படம் அனுப்பியிருக்கிறார்:
பத்தடி நீளம், ஓரத்தில் புறா,
நடுவில் பள்ளிக்கூடச் சீருடையில் நான்.
வேறு படம் கிடைக்கவில்லை போலும்.
வீட்டில் கேட்டிருப்பார்கள்.
அம்மா கொடுத்திருக்க மாட்டா.

அண்ணாவை ஏற்றிய பஸ் போன நாளிலிருந்து
அம்மா கோயில் வாசலை மிதிக்கவில்லை.
தகரப் பந்தலுக்குப் போகிறா, தயாளனின் படத்தோடு.
நான் இங்கே புறப்பட்டபோது
சோற்றைப் பிசைந்தபடியே சொன்னா:
‘உன்ர கடவுளிட்ட ஒண்டு கேள்,
அந்த பஸ் எங்க போனதெண்டு.’

கேட்டேன்.
வியாழக்கிழமைகளில் அதைத்தான் கேட்டேன்.

நேற்றிரவு போனில் பஸ்ஸைப் பற்றிக் கதைக்கவில்லை.
ஊழியத்தைப் பற்றியும் இல்லை.
‘அங்கத்தைய மூட்டுவலித் தைலம் நல்லதாம்.
நாலு போத்தல் கொண்டுவா.
கண்ணாடிப் போத்தல், துணிக்குள்ள வை.’
ஒன்று முந்நூறு கிராம்.
அந்நூற்றுக் கணக்கில் இன்னும் இரண்டு புத்தகம் இறங்கின.
போத்தல்களை ஞாயிறு சேலைக்குள் சுருட்டினேன்.

முப்பது, இருநூறு, என்கிறாள் ரின்புயி.
விட்டுவிடுவார்கள், முகத்தைப் பாவமாய் வைத்துக்கொள்.
சுவரோரம் கிடக்கிறது நான் விட்டுப்போகும் ஆறரை கிலோ.
ஜூனில் வரும் பெண் யாரோ
மறந்துவிட்டதாய் நினைப்பாள்.

நாளை சனி. விமானம் இரவில்தான்.
காலையில் மார்க்கெட்டுக்குப் போய்வர நேரமிருக்கிறது.
வெறுங்கையோடு போவேன்.
ஊட்டா ஆய்த்தா என்று கேட்பாள்.
இல்லை என்று
சொல்லப்போகிறேன்.